வாடகைக் கட்டையும் சொந்தக் கட்டையும்

கூத்துப் பழக வருகிற பையன்கள், முதல் அடவு காலில் ஏறுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். "வாத்தியாரே, கட்டை சொந்தமா செஞ்சிக்கணுமா, வாடகைக்கு எடுத்துக்கலாமா?" பணக் கணக்காகத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்ல உட்கார்ந்தால் பேச்சு தோள், தாடை, மூச்சு, கணுக்கால் என்று உடம்பு முழுக்கச் சுற்றி வருகிறது. ஒரு வாய் வார்த்தையில் முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தெருக்கூத்தில் ராஜவேஷமும் வீரவேஷமும் போடுகிறவர் அணிகிற மர அணிகளைத்தான் கட்டை என்கிறோம். தலைக்குக் கிரீடம் அல்லது சிகரேக்கு, இரண்டு தோளுக்கும் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம், காதோரம் கன்னத்தை அணைத்து நிற்கிற காதுக்கட்டை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். அந்த மரம் காய்ந்தால் கனம் குறைந்து கையில் எடுக்கவே லேசாக இருக்கும். செதுக்கிய மரத்தின் மேல் வண்ணக் காகிதமும் ஜிகினாவும் ஒட்டி, நடுவில் கண்ணாடித் துண்டுகள் பதிப்பார்கள். தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய காலத்தில், சுடர் அசைய அசைய அந்தக் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியிருக்கும். பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது, குழல்விளக்கு வந்தது, இப்போது எல்.இ.டி. வந்திருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் 1990இல் நடிகர்கள் சேர்ந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் தன் பெயரையே இந்த அணிகளிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த அளவுக்கு இது எங்கள் கலையின் நடு எலும்பு.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை விக்கிரவாண்டி, மயிலம் என்று நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் உள்ள ஊர்களில் திரௌபதை அம்மன் கோயில் இல்லாத பக்கம் குறைவு. செஞ்சிப் பக்கம் மேலச்சேரிக் கோயிலைத்தான் அம்மனின் ஆதி இடமாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. பரம்பரை ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், தங்கள் கட்டைப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அது போக, ஊர்ப் பையன்களே வாத்தியார் வைத்துப் பழகி, ஒரே ஒரு இரவு கர்ண மோட்சமோ அபிமன்னன் சண்டையோ ஆடுகிற வழக்கமும் உண்டு. அந்த ஒரு இரவுக்காகக் கட்டை செய்ய யாரால் முடியும்? அவர்களுக்காகத்தான் வாடகைச் சாமான். நாடக உடுப்பு, சீன், கிரீடம், சலங்கை எல்லாம் ஒரே பெட்டியில் ஏறி, மினிவேனில் வந்து கோயில் வாசலில் இறங்கும்.

வாடகையை இழித்துச் சொல்கிற வாத்தியார்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருவன் துரியோதனனாகத் திரைக்குப் பின்னால் நிற்கிறான் என்றால், பெரும்பாலும் வாடகைக் கிரீடம் இருப்பதால்தான் நிற்கிறான். இந்த வட்டாரத்தில் கூத்து இன்னும் ஊராரின் கையில் இருப்பதற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மேடைக்கு வருகிறவன் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

புஜக்கட்டையில் தொடங்குகிறேன், வித்தியாசம் அங்கேதான் முதலில் தெரியும். தோளின் இருபுறமும் சிறகு விரித்தாற்போல் நிற்கிற அணி அது. அதில் கயிறு கோக்கத் துளைகள் இருக்கும். சொந்தக் கட்டை செய்யும்போது ஆடப்போகிறவனை எதிரில் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, வீசச் சொல்லி, தோள் எலும்பு எங்கே எழும்புகிறது என்று பார்த்துக் கரியால் புள்ளி வைத்துக்கொள்வோம். பிறகு இரும்புக் கம்பியைக் காய்ச்சி அந்தப் புள்ளியில் துளை போடுவோம். ஒரு விரல்கடை முன்னே போனால் கை தூக்கும்போது கட்டை காதுக்கட்டையில் போய் முட்டும். பின்னே போனால் சிறகு தொங்கிப்போய் ராஜா கூனனாகத் தெரிவார். வாடகைக் கட்டையில் அந்தத் துளை எல்லாருக்கும் பொதுவாக நடுவில் இருக்கும், அல்லது வருகிறவன் போகிறவன் எல்லாம் தன் வசதிக்குப் போட்ட நாலைந்து துளைகள் இருக்கும். கயிற்றின் நீளத்தில்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். கயிறு நீண்டால் அசைவு கூடும், அசைவு கூடினால் கிரிக்கி என்கிற சுழற்சி அடிக்கும்போது கட்டை நமக்கு அரை நொடி பின்னால் சுற்றும். வேகமாகச் சுழன்று சட்டென்று நின்றால், நாம் நின்ற பிறகும் தோள் அணி நகர்ந்துகொண்டிருப்பதைச் சபை பார்க்கும். திரை விலக்கிய அந்தக் கணத்துக்குரிய கம்பீரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

கிரீடம் இன்னும் நுணுக்கமான சங்கதி. தலையில் துணி சுற்றி, அதன் மேல் கிரீடத்தை இருத்தி, பிடரியிலும் தாடைக்குக் கீழும் கட்டுகிறோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூத்தில் வேஷக்காரனே பாட வேண்டும். விருத்தமும் தருவும் முகவீணைக்கு ஈடாக உச்சத்தில் போகும். தாடைக் கயிறு இறுகினால் வாய் திறக்காது. உச்சத்தில் சுதி சேராமல் குரல் மூக்குக்குப் போகும். தளர்ந்தால் சுழற்சியில் கிரீடம் சாயும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் ஆளுக்கு ஆள் வேறு. சொந்தக் கிரீடம் வைத்திருப்பவனின் தலை, பல இரவுகளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவைத்திருக்கும். உள்பக்கத் துணி அவன் நெற்றிக்குத் தகுந்தபடி அமுங்கிப் படிந்திருக்கும். வாடகைக் கிரீடத்தின் உள்துணி யார் யார் நெற்றிக்கோ அமுங்கியது. அதில் பழைய வியர்வையும் அரிதாரமும் ஏறி மொடமொடத்துக் கிடக்கும். அந்தத் துணியை அப்படியே வைத்துக் கட்டக் கூடாது. பிரித்துப் போட்டுவிட்டு, துவைத்த வேட்டித் துணியை நம் தலை அளவுக்கு மடித்து வைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. செய்தால் வாடகைக் கிரீடம் பாதி சொந்தமாகிவிடும்.

மார்புப் பதக்கத்தில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூச்சு இழுத்து நிறுத்திக்கொண்டு கட்டினால் போதும். மூச்சு விட்ட நிலையில் கட்டினால் பின்னால் பாடும்போது விலா பிடித்துக்கொள்ளும். அது சொந்தமானாலும் வாடகையானாலும் ஒன்றுதான்.

சலங்கையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சலங்கை வாடகைக்கு எடுக்காதீர்கள். தோல் பட்டையில் தைத்த மணிகளில் இரண்டு உதிர்ந்து, வேறு மணி இரண்டு சேர்த்துத் தைத்திருப்பார்கள். வலது கால் ஒரு ஓசை, இடது கால் ஒரு ஓசை. மிருதங்கக்காரர் உங்கள் காலைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். காதுக்கு இரண்டு கணக்கு வந்தால் அவர் எதைப் பிடிப்பார்? அது தவிர நடுச்சாமத்துக்கு மேல் கால் வீங்கும். ஒரு சுற்றுத் தளர்த்திக் கட்ட வேண்டிய நேரம் எது என்று பழகிய பட்டைதான் தோலில் சொல்லும். தவிர, கட்டைகளோடு ஒப்பிட்டால் சலங்கைக்கு ஆகிற செலவு மிகச் சிறியது. முதல் வருஷத்திலேயே வாங்கிவிடலாம்.

இனி முடிச்சு. கட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை உடம்போடு சேர்க்கிற முடிச்சுதான் விடியும்வரை ஆட்டத்தைத் தாங்குகிறது. அந்த முடிச்சுக்கு இரண்டு கடமை உண்டு. ஆடும்போது அவிழக் கூடாது. அவிழ்க்க வேண்டிய கணத்தில் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். இரண்டாவதைப் பலர் நினைப்பதே இல்லை. பகடை துகில் ஆடுகிற இரவில் திரௌபதையின் சேலையில் துச்சாதனன் கை வைக்கிற இடத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். அந்த வேஷக்காரர் ஆவேசம் வந்து மயங்கி விழுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்ததுதான். விழுந்தவரின் தாடைக் கயிற்றையும் மார்புக் கயிற்றையும் அந்த நேரத்தில் நகத்தால் கிள்ளிக்கொண்டிருக்க முடியாது. பதினெட்டாம் போர் இரவு முழுக்க ஆடிவிட்டு, மறுநாள் வெயிலில் துரியோதனன் வேஷக்காரரும் பீமன் வேஷக்காரரும் களிமண் உருவத்தைச் சுற்றி ஓடுகிற படுகளத்திலும் அப்படித்தான். தூக்கம் இல்லை, தண்ணீர் இல்லை, தோளில் மரம். மூச்சு முட்டினால் உடனே எடுத்தாக வேண்டும்.

அதனால் நாங்கள் போடுவது சுருக்கு முடிச்சு. நுனியை இடது மார்புப் பக்கம் ஒரு விரல் நீளம் விட்டுவைப்போம். எந்த நுனி எதை அவிழ்க்கும் என்று பின்பாட்டுக்காரர்களுக்கும் கட்டியங்காரனுக்கும் தெரிந்திருக்கும். கயிறு எப்போதும் பருத்தி. பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து முறுக்கிய நாடாவுக்கு ஈடு இல்லை. வியர்வை பட்டால் அது இன்னும் பிடித்துக்கொள்ளும். வாடகைப் பெட்டியில் வருவது நைலான் கயிறு, இரும்புக் கம்பி, ஊக்கு, சில நேரம் ஒட்டுப்பட்டை. நைலான் வியர்வையில் வழுக்கும், வழுக்குகிறதே என்று இறுக்கினால் அக்குளை அறுக்கும். கம்பியை அவிழ்க்கக் குறடு வேண்டும். ஒட்டுப்பட்டையில் நூலும் தூசியும் ஏறிவிட்டால் பிடிப்பு போய்விடும்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் ராணுவத்தில் இருந்தார். குல்மார்க்கில் உயர்மலைப் போர்ப் பள்ளியில் பனிச்சறுக்குப் பயிற்சி எடுத்தவர். விடுப்பில் வந்தபோது கொட்டகையில் உட்கார்ந்து நான் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்க சறுக்குப் பலகையிலயும் இதே கதைதான்" என்றார். காலணியைப் பலகையோடு பூட்டுகிற ஒரு பூட்டு இருக்கிறதாம். சறுக்கும்போது கழலக் கூடாது. விழுந்து கால் முறுகும்போது தானாகக் கழன்றுவிட வேண்டும். கழலாத பூட்டால் கால் முறிந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர் யால்மர் வாம் என்பவர் தன் காலையே முறித்துக்கொண்ட பிறகுதான், 1930களின் கடைசியில், கழன்றுகொள்கிற பூட்டைச் செய்தார்.

நான் கேட்டது வாடகையைப் பற்றி. அங்கேயும் உண்டு என்றார். சொந்தமாக வாங்கினால் உங்கள் காலணியின் நீளத்தை அளந்து, பலகையில் துளையிட்டு, திருகாணியில் முடுக்கிவிடுவார்கள். வாடகைப் பூட்டு ஒரு தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும். எந்தக் காலணி வந்தாலும் அதற்குத் தகுந்தபடி நகர்த்திப் பூட்டலாம். அந்த நகர்வு வசதிக்காகப் பூட்டின் கனம் சற்றுக் கூடும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, காலணியின் அடிநீளம், சறுக்குகிறவரின் வேகப் பழக்கம் எல்லாம் கேட்டு, அட்டவணை பார்த்துக் கடைக்காரரே திருப்பி வைப்பார். வாடகைக்கு எடுக்கிறவருக்கும் இந்தக் கணக்கு உண்டு. இதைக் கேட்ட பிறகுதான் எங்கள் குறை எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. பொதுத் துளை ஒரு குறையே இல்லை. நகர்த்திப் பூட்டத் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே இருந்தால் பொதுத் துளையிலும் ஆடலாம். எங்கள் வாடகையில் பெட்டி மட்டும் வருகிறது, கட்டிவிடத் தெரிந்தவர் வருவதில்லை.

கேரளத்துக் கதகளியைப் பாருங்கள். அங்கே பெரிய நடிகர்கள்கூடப் பல இடங்களுக்குத் தங்கள் கிரீடத்தைச் சுமந்துபோவதில்லை. விழா நடத்துகிறவர்கள் ஒரு குழுவிடமிருந்து அணிப்பெட்டியை வரவழைப்பார்கள். ஆனால் பெட்டியோடு அணியறைக்காரர்களும் வருவார்கள். முகத்துக்குச் சுட்டி குத்துகிறவர், உடுத்திக் கட்டுகிறவர் எல்லாரும் தனித் தேர்ச்சி பெற்றவர்கள். 1930இல் வள்ளத்தோள் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் சுட்டியும் அணிகலனும் ஒரு தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. பொருள் இரவலானாலும் கட்டுகிற கை தேர்ந்த கை. நடிகர் தரையில் மல்லாந்து படுத்துத் தன் முகத்தையே அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கண் மூடிக்கொள்ள முடிகிறது. எங்கள் பக்கம் பரம்பரை ஜமாவில் இந்த வேலையை வேஷக்காரர்களே ஒருவருக்கொருவர் செய்துகொள்வார்கள். வடக்கத்திப் பாணியோ தெற்கத்திப் பாணியோ, கொட்டகைக்குள் போனால் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வாடகைச் சாமானில் ஆடுகிற ஊர்ப் பையன்களுக்குத்தான் யாரும் இல்லை.

வாடகை செய்கிற இன்னொரு காரியமும் எனக்குக் கவலை தருகிறது. கடைப் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் நாடகச் சாமான்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மேடை நாடகத்துக்கு ஏற்ற வெல்வெட் உடுப்பு, சமிக்கி, அட்டைக் கிரீடம். அது அந்தக் கலைக்கு அழகு. கூத்துக்காரன் அதைப் போட்டால் தோளின் சிறகு காணாமல் போகிறது, தலையின் அகலம் குறைகிறது. மேடையில்லாத தரையில், மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கிற களத்தில், தூரத்தில் இருக்கிறவனுக்கும் ராஜாவை ராஜாவாகக் காட்டுவது அந்த அகலம்தான். சில கடைகள் இப்போது தெர்மாகோலில் கட்டை செய்து வைத்திருக்கின்றன. கனம் இல்லை என்று பையன்களுக்குப் பிடிக்கிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மரத்தின் கனம் தோளை நிமிர்த்தும். அடியெடுத்து வைக்கும் வேகத்தை அதுவே முடிவு செய்யும். கனமில்லாத கட்டை கட்டியவன் தன்னை அறியாமல் துள்ளுகிறான், துரியோதனன் துள்ளக் கூடாது.

சொந்தக் கட்டை என்றால் எல்லாம் சுகம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை விட்டுப்போய் கண்ணாடி உதிரும். கல்யாண முருங்கை லேசான மரம் என்பதால் பூச்சியும் லேசாக ஏறும். அடை மழைக்கு முன் பெட்டியைத் திறந்து வெயில் காட்ட வேண்டும், வேப்பிலை போட்டு வைக்க வேண்டும், தை பிறந்ததும் காகிதம் மாற்றி ஒட்ட வேண்டும். ஆடாத மாதங்களிலும் கட்டைக்கு வேலை உண்டு. கடைச் சாமான் ஒவ்வொரு இரவுக்குப் பிறகும் ஏதோ ஒரு வகையில் பழுது பார்க்கப்படுகிறது, ஜிகினா புதிதாக இருக்கிறது. கவனிப்பாரற்றுப் பரணில் கிடக்கிற சொந்தக் கட்டையைவிட அது எவ்வளவோ மேல். இளவயதில் செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு தொல்லை: உடம்பு மாறும். இருபது வயதுத் தோளுக்குப் போட்ட துளை நாற்பது வயதுத் தோளுக்கு ஒத்துவராது. பழைய துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை, நல்ல வேஷக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்.

ஆகவே என்னிடம் கேட்கிற பையன்களுக்கு நான் சொல்வது இது. முதல் வருஷம் சலங்கையும் கட்டுக் கயிறுகளும் தலைத் துணியும் சொந்தமாக வைத்துக்கொள். மற்றது வாடகைக்கு எடு. ஒரே வேஷம் உன்னிடம் தங்கிவிட்டது, ஊரார் உன்னை அந்த வேஷத்தின் பெயரால் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள் என்றால் புஜக்கட்டை செய்துகொள், அதற்கடுத்து கிரீடம். மார்புப் பதக்கத்துக்கும் உடுப்புக்கும் அவசரம் இல்லை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்கக் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளலாம். மன்றத்தின் உதவித்தொகையில் முழுக் கட்டையும் வராது. தோளுக்கான மரத்தையும் செதுக்குக் கூலியையும் கொடுத்துத் தொடங்கிவிடலாம்.

விழாக் குழுவில் இருக்கிற பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைச் சாமான் பேசும்போது ஆட்டத்தன்று இரவு ஒன்பது மணிக்கு வந்து இறங்கும்படி பேசாதீர்கள். முந்தின நாள் காலையில் வரும்படி பேசுங்கள். ஒரு நாள் வாடகை கூடுதலாக ஆகும், ஆகட்டும். பையன்கள் ஒரு முறை கட்டி, சுழன்று, பாடிப் பார்க்க வேண்டும். பக்கத்து ஜமாவில் வயதாகி ஆட்டத்தை விட்ட வேஷக்காரர் ஒருவராவது இருப்பார்; அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து, வண்டி அனுப்பி, அன்றைக்குக் கட்டிவிட மட்டும் வரச் சொல்லுங்கள். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குகிற பணத்தில் சிறு பங்கை அவருடைய கூலிக்கு ஒதுக்குங்கள். சாமான் கடைக்காரர்களும் பெட்டியிலிருந்து கம்பியையும் நைலானையும் எடுத்துவிட்டுப் பருத்தி நாடா போட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்த பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே பேசிவைத்துவிடலாம்.